இரண்டு படகுக்கும் வருகிறோம் என்றோம்

மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். என் கணவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், எங்களோடுதான் இருக்கிறான். வயது இருபத்தேழு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். வீட்டில் அவனைச் சின்னவன் என்றே கூப்பிடுவோம், இதிலும் அப்படியே எழுதுவதாக அதிகாரி ஒப்புக்கொண்டார். மாமனார் மாமியார் இருவரும் காலமானபோது அவன் எட்டாம் வகுப்பு. அதன் பிறகு அவனுக்குச் சோறு போட்டு, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தது நான். எனக்கு வேறு பிள்ளை இல்லை. எந்தக் கேள்விக்கும் அவன் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பான். இது சொந்த விஷயம், எழுத வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எழுத வேண்டும் என்று சொன்னேன்.

இந்த வழக்கில் விசாரணைக்காக வைக்கப்பட்டிருக்கும் படகுக்காரரை எனக்குத் தெரியும். ஒரே ஒரு படகு வைத்து ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிச் செல்பவர் என்பதால் அவரை எல்லோரும் ஒத்தப்படகு என்பார்கள். அவர் சின்னவனை அளவுக்கு மீறிய ஆழத்துக்கு இறக்கி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போகக் காரணமானார் என்று நாங்கள் தங்கியிருந்த ரிசார்ட்டின் மேலாளர் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் புகார் உண்மையல்ல என்று சொல்ல நானே வந்தேன். யாரும் கூட்டி வரவில்லை.

சின்னவன் கடலுக்குள் இறங்குவதற்கான பயிற்சியை எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் முடித்து, சான்றிதழ் வாங்கியிருந்தான். அதற்கு முன்பிருந்தே ஒத்தப்படகோடு போனில் பேசிப் பழக்கம். இவன் கேட்கிற சந்தேகத்துக்கெல்லாம் அவர் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுவார். முதன்முதலாகக் கடலில் இறங்கினால் உங்களோடுதான் அண்ணே என்று சின்னவன் வாக்குக் கொடுத்திருந்தான். அவரும் அவனுக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, வேறு யாரையும் சேர்க்காமல் வைத்திருந்தார்.

என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, அந்த ரிசார்ட்டில் வரவேற்புப் பகுதியின் பொறுப்பாளர். கணவரை இழந்தவர், கல்லூரியில் படிக்கும் மகளோடு ரிசார்ட் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறார். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததும் அறை போட்டு, ரிசார்ட்டின் படகிலேயே தம்பிகள் இருவரும் கடலுக்குள் போக ஏற்பாடும் செய்துவிட்டார். நாங்கள் போய் இறங்கிய அன்று மாலைதான் இது எங்களுக்குத் தெரியும். ரிசார்ட் படகு இரண்டு அடுக்கு, வெள்ளைத் துண்டு, குளிர்ந்த தண்ணீர், போட்டோ எடுக்கத் தனி ஆள். கண்ணைப் பறித்தது என்று சொல்லத்தான் வேண்டும். ஒத்தப்படகின் இடம் கரையோரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ரப்பர் உடைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் முட்டியில் ஒட்டுப் போட்டிருந்தது. என் கணவருக்கு அதைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டது.

அன்று இரவு அறையில் எந்தப் படகில் போவது என்று பேச்சு வந்தது. பெரிய இடம் என்றால் பொறுப்பு இருக்கும் என்றார் என் கணவர். ஒத்தப்படகு ஒரு ஆளோடு இறங்கினால் அந்த ஆளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார் என்றான் சின்னவன். மறுநாள் ஒரு நாள்தான் கையில் இருந்தது, அதற்கடுத்த நாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அக்காவிடம் வேண்டாம் என்றால் அவர் முகம் தொங்கிவிடும், கூட வேலை செய்பவர்கள் முன்னால் அவருக்கு அவமானம். ஒத்தப்படகிடம் வரவில்லை என்றால் சின்னவன் வாக்குத் தவறியவன் ஆவான். கடைசியில் என் கணவர், "எதுக்கு ரெண்டு பேரு மனசையும் நோகடிக்கணும்? காலைல அக்கா படகு, மதியம் அவரு படகு. இவங்ககிட்ட அவங்களப் பத்தி பேச வேணாம், அவங்ககிட்ட இவங்களப் பத்தி பேச வேணாம்" என்று முடித்தார். எனக்கும் அது நல்ல வழியாகவே பட்டது. ஒரே நாளில் இரண்டு சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட நேர்ந்தால், இரண்டாவது வீட்டில் இலை முன் உட்கார்ந்து, காலையிலிருந்து பட்டினி என்று சொல்லி வயிறு வெடிக்கச் சாப்பிடுகிற ஆட்கள் நாங்கள். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் மரியாதை.

சம்பவத்தன்று காலை, விருந்தினர்கள் எழுந்து வருவதற்கு முன்பே நாத்தனார் எங்களைப் படகுத் துறைக்கு அழைத்துச் சென்றார். ஊழியர் வீட்டு ஆட்கள் என்று பயிற்சியாளரிடம் தனியாகச் சொல்லி வைத்திருந்ததால் எங்களிடம் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை. மேடத்தின் தம்பிகளுக்குச் சாதாரண இடத்தையா காட்டுவது என்று சிரித்தபடி பயிற்சியாளர், பாறை செங்குத்தாக இறங்கும் ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனார். எனக்கு நீச்சல் தெரியாது, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியவும் தெரியாது, எனவே படகிலேயே இருந்தேன். என் கணவர் காது வலி தாங்காமல் உடனே மேலே வந்துவிட்டார். சின்னவனும் பயிற்சியாளரும் ரொம்ப நேரம் கழித்தே வந்தார்கள். அவன் கையில் ரிசார்ட் கொடுத்த கடிகாரம் போன்ற ஒரு கருவி இருந்தது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று அதுவே கணக்கு வைத்து, எப்போது மேலே வர வேண்டும் என்று சொல்லும் என்றான். முப்பது மீட்டருக்கும் கீழே போனதாக அதைக் காட்டினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. அதன் பிறகு கருவியைக் கழற்றி ரிசார்ட்டிலேயே கொடுத்துவிட்டோம்.

அதன் பிறகு அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வேன் பிடித்து ஒத்தப்படகின் கொட்டகைக்குக் கிளம்பினோம். வேனில் சின்னவன் என் காதருகில் வந்து, "அண்ணி, காலைல எறங்குனத அவர்கிட்ட சொல்லணும். அந்தக் காத்து இன்னும் ஒடம்புல இருக்கும், அதையும் கணக்குல சேக்கணும்னு கிளாஸ்ல சொன்னாங்க" என்றான். சொன்னால் இறக்க மாட்டாரா என்று கேட்டேன். ஆழத்தைக் குறைப்பார், இல்லாவிட்டால் நாளைக்கு வா என்பார் என்றான். முன் சீட்டிலிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்து, "நமக்காக ஒரு நாளையே ஒதுக்கி வெச்சிருக்கிற மனுஷன். பெரிய எடத்துல போயிட்டு மிச்சத்துக்கு இங்க வந்தோம்னு சொன்னா அவரு மூஞ்சி என்ன ஆகும்? நல்லாத்தானே இருக்க?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றான் சின்னவன். சொல்லிவிடு என்று நானும் சொல்லவில்லை.

ஒத்தப்படகு எங்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாக விசாரித்தார். இரவு தூங்கினாயா, மாத்திரை ஏதாவது எடுத்தாயா, சளி இருக்கிறதா, காது அடைக்கிறதா என்று கேட்டார். அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டார், பதில் வரும்வரை அடுத்த கேள்விக்குப் போகவில்லை. நானும் என் கடையில் அப்படித்தான் கேட்பேன். தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சொல்லி, தப்பான பவரோடு போய் ரோட்டில் வண்டி ஓட்டுபவர்கள் மேல் எனக்குக் கெட்ட கோபம் வரும், முகத்துக்கு நேராகவே திட்டிவிடுவேன். அதன் பிறகு அவர், "இன்னிக்கு வேற எங்கயாவது தண்ணிக்குள்ள எறங்குனியா தம்பி?" என்று கேட்டார். சின்னவன் என் முகத்தைப் பார்த்தான். என் கணவர் அப்போது வேன்காரரிடம் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிக்கொண்டு வெளியே நின்றார். எனவே அந்தக் கேள்விக்கு அங்கே இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். "இல்லண்ணே, இதான் மொதல்" என்று நான் சொன்னேன். அவர் கொடியில் போடுவதற்காக வாங்கிய சின்னவனின் டவுசரைக் கையால் அழுத்திப் பார்த்து, ஈரமாக இருக்கிறதே என்றார். ரிசார்ட் நீச்சல் குளத்தில் குதித்தான் என்றேன். என் வாயிலிருந்து அது தயங்காமல் வந்தது. அவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

அதன் பிறகு அவர் தன்னுடைய கருவியை எடுத்துச் சின்னவன் கையில் கட்டினார். காலையில் நடந்தது எதுவும் அந்தக் கருவிக்குத் தெரியாது.

என் கணவர் காது வலி என்று அதே வேனில் அறைக்குத் திரும்பிவிட்டார். படகை ஒத்தப்படகின் மனைவி ஓட்டினார். கடல் தட்டையாகக் கிடந்தது, ஒரு பறவைகூட இல்லை. இருவரும் இறங்கியபின் அந்தம்மா இன்ஜினை நிறுத்திவிட்டு, நீர்க்குமிழி வரும் இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "தம்பி பேசுறத வெச்சே இவருக்கு அவ்ளோ புடிச்சிருச்சு. மொத நாளே யாரையும் இந்த எடத்துக்குக் கூட்டியார மாட்டாரு" என்றார். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். சொன்னார். காலையில் போனதுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கீழே போய்விட்டவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தம்மாவிடம் சொல்லியிருக்கலாம். மேலே வரச் சொல்லிக் கூப்பிட அவர்களிடம் வழி இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் கேட்கவே இல்லை.

அவர்கள் அவசரப்படாமல், இடையில் நின்று நின்று முறைப்படிதான் மேலே வந்தார்கள். கருவி சொன்னதைவிடக் கூடுதல் நேரமே ஒத்தப்படகு நிறுத்தி வைத்ததாகச் சின்னவன் சொன்னான். கரைக்குத் திரும்பும் வழியில் அவன் தோளைச் சொறிந்துகொண்டே வந்தான். சட்டையை விலக்கிப் பார்த்தபோது தோலில் திட்டுத் திட்டாக நீலமும் சிவப்பும் கலந்திருந்தது. கால் மரத்துவிட்டது, உட்கார்ந்த வாக்கு சரியில்லை போலிருக்கிறது என்றான். ஒத்தப்படகின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே பிராணவாயு சிலிண்டரைத் திறந்து அவன் மூக்கில் மாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "யம்மா, மறுபடியும் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கோ நேத்தோ வேற எங்கயும் எறங்கலையே?" என்று கேட்டார். இல்லை என்று இரண்டாவது முறையும் சொன்னேன். முதல் முறை அவர் மனது நோகக்கூடாது என்று சொன்னேன். இரண்டாவது முறை அப்படி அல்ல. முதலில் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் சொன்னேன். சின்னவன் மூக்குக் கவசத்துக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரையில் இறங்கும்போது அவனால் இடது காலைத் தூக்கிவைக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் கணவரும் அங்கே வந்து சேர்ந்தார். ஒரே தடவைதான் இறங்கினான், அதுவும் அளவுக்குள்தான் என்று அவர் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் முதுகுப் பிடிப்பு என்று ஊசி போட்டு, ஓய்வெடுக்கச் சொன்னார். ஒத்தப்படகு மட்டும் விடவில்லை. "எங்கணக்குல தப்பு இல்ல சார், ஆனா எனக்கு மனசு சரியில்ல. பெரிய ஆஸ்பத்திரில அழுத்த அறை இருக்கு, இப்பவே கூட்டிட்டுப் போயிருவோம், எம் படகு வேணாலும் வரும்" என்று கெஞ்சினார். அதற்கு என் கணவர், "கணக்கு சரின்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு ஊரக் கூட்டுறீங்க?" என்று அவரை அனுப்பிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் வெளியே வரும், அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. என் மனதிலும் அதுவே இருந்தது. இரவு ரிசார்ட் அறைக்கே திரும்பினோம். மறுநாள் விடிந்தபோது சின்னவனுக்குச் சிறுநீர் பிரியவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி நின்றவன் அப்படியே மடங்கி விழுந்தான். அதன் பிறகே ரிசார்ட் வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அழுத்த அறை என்பது இரும்பு உருளை மாதிரி, ஆளை உள்ளே படுக்கவைத்துக் கதவை மூடி, காற்றழுத்தத்தை ஏற்றி, உடம்பில் தங்கிய காற்றுக் குமிழிகளைக் கரைப்பார்கள். பக்கத்தில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. முதல் நாள் சிகிச்சைக்குப் பின்னும் அவனுக்குக் காலில் உணர்வு வரவில்லை. அன்று மதியம் நாத்தனார் வந்தார். தன்னிடம் சொல்லாமல் இன்னொரு படகில் போனதற்கு முதலில் திட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காலைல நான் அனுப்புனது ஆபீஸுக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே என் வேல போயிரும், வீடும் போயிரும். பொண்ணக் கூட்டிட்டு நான் எங்க போவேன்? அந்த ஆளத்தான் போலீஸ் புடிச்சிருச்சே, அதோட இருக்கட்டும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கெட்டவர் அல்ல. எங்கள் கல்யாணத்தின்போது என் பக்கம் நின்று பேசிய ஒரே ஆள். படகுக்காரரைப் போலீஸ் பிடித்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இன்று காலை சின்னவனை இரண்டாவது முறை உள்ளே வைத்திருந்தபோது, கண்ணாடிக்கு வெளியே இருக்கும் போனில் அவனோடு பேச நர்ஸ் அனுமதித்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். வலித்தால் தேவலையே என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டர் ரெண்டு தடவ கேட்டாரு அண்ணி, காலைல போனத நான் சொல்லல. அக்கா வேலைக்குப் பிரச்னைன்னு அண்ணன் சொன்னான். நீங்களும் ஒளறிடாதீங்க" என்றான். அதன் பிறகு, "ஒத்தப்படகு அண்ணன் வந்தாரா? அவருக்குத் தெரிஞ்சா ரொம்ப வருத்தப்படுவாரு" என்றான். நடக்க முடியாமல் இரும்புக்குள் படுத்திருக்கிற பிள்ளை, நான் தொடங்கிய பொய்யை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு எழுந்து போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. காலையில் எவ்வளவு ஆழம், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டு எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே வந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "அத என்னால சொல்ல முடியாது. ஆனா வந்திருக்கணும்" என்றார். இனிமேல் நடப்பானா என்று கேட்டேன். சிகிச்சை இன்னும் பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து என் கணவரிடம், ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். தன்னுடைய வாக்குமூலத்தை நேற்றே கொடுத்துவிட்டதாகவும், அதில் காலையில் நாங்கள் யாரும் கடலில் இறங்கவில்லை என்று இருப்பதாகவும் அவர் சொன்னார். "நீ வேற மாதிரி சொன்னா நான் பொய்யன்னு ஆகும். அக்கா தெருவுல நிப்பா. யோசிச்சுக்கோ, அப்புறம் நம்ம வீடு வீடா இருக்காது" என்றார். யோசித்தேன். ஸ்டேஷனுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அவர் சொன்னது முழுக்க உண்மை.

நான் வந்தபோது ஒத்தப்படகு சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கே பிசகினேன் என்று தெரியவில்லை, ஆனால் பையன் என்னோடு இறங்கித்தான் விழுந்தான், அதனால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவர் எழுதிக்கொடுக்கத் தயாராக இருப்பதாக அதிகாரி சொன்னார். அவரிடம் நானே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதிகாரி முன்னிலையில் அனுமதித்தார்கள். காலையில் ரிசார்ட் படகில் போனதையும், இரண்டு முறையும் பொய் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். காலையில் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "நான் கேட்டனேம்மா. படகுல வெச்சுக்கூட கேட்டனே" என்றார். அவர் சொன்ன இந்த வார்த்தைகளையும் இதில் சேர்த்து எழுதும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

இது நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எதையும் மாற்ற வேண்டியதில்லை. சொல் என்று என்னை யாரும் மிரட்டவில்லை, சொல்லாதே என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். இதில் உள்ளது அவ்வளவும் நடந்தது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)